கோழிக்கு யார் பூசினாங்க சாயம்?

திருவிழாக் கூட்டத்துல கூடை நிறைய ரோஸ், பச்சை, ஊதா என்று கத்திக்கொண்டிருக்கும் கலர் கோழிக்குஞ்சுகளைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. வீட்டுக்கு வாங்கி வந்த கொஞ்ச நாளில் கலர் போய் வெள்ளை இறகு முளைக்கும். அவை முட்டைப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் இடத்தில் கழித்துவிடப்பட்ட சேவல் குஞ்சுகள். முட்டையும் போடாது, கறியும் சீக்கிரம் ஏறாது. அதனால் சாயத்தில் முக்கி விற்றுவிடுகிறார்கள். இது வெளியே பூசிய நிறம். கோழிக்குள்ளே இருந்தே வரும் நிறம் எப்படி வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் மின்னியல் இரண்டாம் ஆண்டு. விளாங்குடியில் எங்கள் வீட்டுப் பின்னால் அம்மா பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி வளர்க்கிறார். எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்தான். என் பஸ் செலவில் பாதி அந்த முட்டைக் காசு. ஆகவே கோழியைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு!

கருங்கோழி, செவலை, கீரி, புள்ளி என்று எத்தனை பெயர் சொன்னாலும் இறகில் இருக்கும் சாயம் இரண்டே இரண்டுதான். ஒன்று கருப்பு, மற்றொன்று செம்பழுப்பு. இரண்டும் மெலனின் வகை. சேவல் வாலில் பச்சையாக மின்னுகிறதே என்பீர்கள். அங்கே பச்சைச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் ஜாலம் அது, சோப்புக் குமிழியில் தெரிகிற மாதிரி.

வெள்ளை என்பது சாயமே இல்லாத நிலை. நம்ம பாஷையில் சொன்னால், சுவிட்சு ஆஃப். இதில் இரண்டு வகை உண்டு. பண்ணை வெள்ளை லெகார்ன் கோழியிடம் இருப்பது ஓங்கு ஜீன். ஒன்று இருந்தாலே கருப்பை அமுக்கிவிடும். கருஞ்சேவலோடு சேர்த்தாலும் குஞ்சு வெள்ளையாகத்தான் வரும், அங்கங்கே கரும்புள்ளி தெரியலாம். இன்னொன்று ஒடுங்கு ஜீன். தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்தால் நான்கில் ஒரு குஞ்சு வெள்ளை. ஒருமுறை எங்கள் செவலைக் கோழி வெள்ளைக் குஞ்சு பொரித்தபோது அப்பத்தா, “அடுத்த தெருச் சேவல் வேலைடா இது” என்றார். அப்படியும் இருக்கலாம். ஆனால் நம்ம சேவலை உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை!

இறகு நிறத்தை வைத்து ஒரு நல்ல வேலையும் செய்கிறார்கள். கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பேடைக்கு ஒன்றுதான். மகளுக்கு அந்த இசட் அப்பனிடமிருந்து மட்டுமே வரும். அதனால் ரோட் ஐலண்டு ரெட் சேவலை வெள்ளி ஜீன் உள்ள பேடையோடு சேர்த்தால், பொரித்த அன்றே செம்பழுப்பு நிறக் குஞ்சு பேடை, மஞ்சள் நிறக் குஞ்சு சேவல் என்று பிரித்துவிடலாம். நம் நாட்டில் புறக்கடை வளர்ப்புக்கென்று உருவாக்கிய பெங்களூரு கிரிராஜா, ஹைதராபாத் வனராஜா எல்லாம் கலர் இறகுக் கோழிகள். வெள்ளைக் கோழி திறந்தவெளியில் பருந்து கண்ணில் சட்டென்று படும். கலர் கோழி செடி மறைவில் தப்பிக்கும். சாமிக்கு நேர்ந்து விடுகிறவர்களும் கருப்பு, சிவப்பு என்று நிறம் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

இனி முட்டை. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம். கடைசி சில மணி நேரத்தில்தான் பழுப்புச் சாயம் மேலே படிகிறது. பழுப்பு முட்டையை உடைத்து உள்பக்கம் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். சுவருக்கு அடித்த பெயிண்டு மாதிரி. இரத்தத்தின் சிவப்புப் பொருளை உடம்பு தயாரிக்கும்போது இடையில் உண்டாகும் போர்பிரின்தான் அந்தச் சாயம்.

நீல முட்டையும் உண்டு, கதையில்லை. தென் அமெரிக்காவில் சிலி நாட்டு அரவ்கானா கோழி நீல முட்டை இடும். நீலம் ஓங்கு குணம் என்று புன்னெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1933-இல் காட்டினார். காரணம் 2013-இல்தான் தெரிந்தது. பழைய வைரஸ் ஒன்றின் துண்டு கோழியின் ஜீனுக்குப் பக்கத்தில் போய்ச் செருகிக்கொண்டது. அதனால் ஈரலில் வேலை செய்ய வேண்டிய ஜீன் முட்டைப் பையிலும் வேலை செய்கிறது. ஹால் லைட்டுக்குப் போட்ட ஒயரை யாரோ தட்டிவிட, அடுப்படி பல்பும் எரிந்த கதை! சீனக் கோழிகளிலும் இதே விபத்து தனியாக நடந்திருக்கிறது. நீலம் ஓட்டின் உள்வரை ஊறியிருக்கும். நீல முட்டைக் கோழியைப் பழுப்பு முட்டை இனத்தோடு சேர்த்தால் பச்சை முட்டை! நீலத்தின் மேல் பழுப்பு படிவதுதான் விஷயம்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் உண்டு. எங்கள் கோழிகளில் மூன்று, வெளிறிய, கிட்டத்தட்ட வெள்ளை முட்டை இடும். வாங்க வருகிறவர்கள், “இது பண்ணை முட்டைக்கா, வேண்டாம்” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு கடைக்காரர் அம்மாவிடம், “டீத்தூள் தண்ணியில ஒரு முக்கு முக்கிக் குடு” என்று யோசனையே சொன்னார். அம்மா கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், கூண்டில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்க்கும் பிவி-380 கோழியும் பழுப்பு முட்டைதான் இடுகிறது. அதை நாட்டு முட்டை என்று சொன்னால் நிறத்தை வைத்து யாரும் மறுக்க முடியாது. கருங்கோழி கடக்நாத்தும் வெளிர்பழுப்பு முட்டைதான் இடும், கருப்பு இல்லை. ஓட்டின் நிறத்தால் சத்து கூடுவதோ குறைவதோ இல்லை. மஞ்சள் கரு அடர்த்தியாக இருப்பது தீவனத்தால். கீரை, மக்காச்சோளம் தின்றால் நிறம் ஏறும். நாட்டு முட்டை விலை அதிகம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. லெகார்ன் வருஷத்துக்கு 300-க்கு மேல் இடும், நாட்டுக்கோழி 60, 80 இட்டாலே பெரிசு.

வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் கலர் போகும், போனால் கலப்படம் என்று சிலர் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். சாயம் மேல் ஓட்டில்தான் இருக்கிறது என்பதால் அசல் பழுப்பு முட்டையும் வினிகரில் வெளுக்கும். வாங்குவதற்கு முன்னால் கோழி எங்கே மேய்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா கூடையைத் தூக்கியே காட்டுவார். இந்த வருஷம் அடர்பழுப்பு முட்டை இடும் கோழியின் முட்டைகளை மட்டும் அடைக்கு வைத்திருக்கிறோம். சேவல் எந்த நிற ஜீனைச் சுமக்கிறது என்பது அதன் மகள்கள் முட்டை வைக்கும்போதுதான் தெரியும். அதற்கு இன்னும் ஆறு மாதமாவது ஆகும்.