மலையின் கதை எந்தக் கட்டில்?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. இம்மலை ஊர்கள் நெடுங்காலம் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தன. 1976இல்தான் அரசு அம்முறையை ஒழித்தது. மலைவாழ் மக்கள் அன்று என்ன வரி கொடுத்தார்கள்? எந்த நிலத்தை உழுதார்கள்? கேட்டால் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். இனிச் சாட்சி சொல்ல வேண்டியவை பழைய காகிதங்களே.

அவற்றை எங்கே தேடுவது? கள்ளக்குறிச்சி மாவட்டம் என்ற பெயரில் தேடினால் பயனில்லை. அது பிறந்ததே 2019இல்தான். அதற்குமுன் இப்பகுதி விழுப்புரம் மாவட்டத்திலும், 1993க்கு முன் தென்னார்க்காடு மாவட்டத்திலும் இருந்தது. மலையின் ஒரு பகுதியோ சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும் ஆராய்ச்சியாளர் பழைய மாவட்டப் பெயர்களைக் கொண்டே தேட வேண்டும். ஓர் ஆவணம் எந்த அலுவலகத்தில், எந்த வரிசையில் தோன்றியதோ அப்படியே அதை வைத்திருப்பது காப்பகங்களின் அடிப்படை விதி. ஒரு கடிதத்தைக் கட்டிலிருந்து பிரித்துவிட்டால், அது எதற்காக எழுதப்பட்டது என்பதே விளங்காமல் போகும் அல்லவா?

அடுத்த ஆபத்து காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. காகிதம் என்பது செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் தொகுப்பு. 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழையும் படிகாரத்தையும் கொண்டு காகிதம் செய்யத் தொடங்கினர். படிகாரம் ஈரத்துடன் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். காகிதம் பழுப்பேறி, தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும். கந்தைத் துணியால் செய்த அதற்கு முந்தைய காகிதம் பல சமயம் இன்றும் உறுதியாயிருப்பது இதனால்தான்!

மருந்து என்ன? காரம். மை கரையாது என்று சோதித்தபின், நீர்த்த சுண்ணாம்பு நீரில் தாளை நனைப்பார்கள். அமிலம் நடுநிலையாகும். பிறகு மெல்லிய திசுத்தாளை ஒட்டி வலுவூட்டுவார்கள்.

ஓலைச்சுவடிக்கு வைத்தியம் வேறு. 1981இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிகளுக்கென்றே தனித்துறை உண்டு. சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசினால் ஓலை வளைந்து கொடுக்கும், பூச்சிகளும் அண்டா. விளக்குக்கரி தடவினால் மங்கிய எழுத்து துலங்கும்.

மாணவர்களே! செய்தித்தாள் துண்டு ஒன்றை வெயிலிலும், மற்றொன்றை இருட்டிலும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எது பழுப்பேறுகிறது? உங்கள் வீட்டுப் பழைய பட்டாவை எங்கே வைக்க வேண்டும் என்பது புரியும். அதைப் பிளாஸ்டிக் உறையில் சூடாக்கி ஒட்டிவிடாதீர்கள். ஒட்டியதைப் பிரிப்பது மிகக் கடினம். உள்ளேயுள்ள அமிலத்துக்கு மருந்தும் இட முடியாது.