அச்சுக்குப் போக இன்னும் நாலே மணி நேரம்!

சென்னை அண்ணா நகர். ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் தெரு. இரவு ஒன்பது மணி. கீழே வகுப்பறைகளைப் பூட்டிவிட்டார்கள். மூன்றாவது மாடியில் மட்டும் விளக்கு எரிகிறது, ஃபேன் கடகடக்கிறது, நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். இந்த மாதத்து கரண்ட் அஃபேர்ஸ் இதழ் இன்றிரவு ஒரு மணிக்கு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். "யார் பேரும் போடக் கூடாது, மையத்தோட பேரும் கூடாது" என்ற நிபந்தனையோடு என்னை உள்ளே விட்டார்கள். அடடா, இதற்காக எந்த நிபந்தனைக்கும் தலையாட்டியிருப்பேன்!

ஏனென்றால் இந்த இதழ்களை நான் ரயிலில் பார்த்திருக்கிறேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில், மேசைக்கு மேசை பார்த்திருக்கிறேன். மஞ்சள், பச்சை, ரோஸ் என மூன்று நிறத்தில் கோடு போட்டு, வெள்ளைத்தாளே தெரியாத அளவுக்கு ஆக்கி வைத்திருப்பார்கள். முதல்நிலைத் தேர்வின் பாடத்திட்டத்தில் முதல் வரியே 'தேசிய, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நடப்பு நிகழ்வுகள்' என்பதுதான். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறது யு.பி.எஸ்.சி. எந்த நிகழ்வு, எத்தனை மாதத்து நிகழ்வு, ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஒற்றை வரியை நம்பித்தான் இத்தனை இதழ்களும், டெலிகிராம் சேனல்களும், டெல்லி ஓல்ட் ராஜிந்தர் நகரின் ஜெராக்ஸ் கடைகளும்.

மேசையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்து 'தி ஹிந்து', 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' அடுக்கு. பாதிப் பக்கங்களில் ஓட்டை. பக்கத்தில் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் (இவர்கள் வாயில் 'பி.ஐ.பி.') வெளியீடுகள், பி.ஆர்.எஸ். அமைப்பின் மசோதா சுருக்கங்கள், 'யோஜனா', அதன் தமிழ் வடிவமான 'திட்டம்'. வெட்டி எறிந்ததுதான் அதிகம். முருங்கைக்கீரை ஆய்கிற வீட்டில் கூடையை விடக் காம்புக் குவியல் பெரிதாக இருக்குமே, அதே காட்சி.

எது காம்பு, எது கீரை? அரசியல் பிரிவைப் பார்க்கும் அக்கா, சட்டம் படித்தவர், பேனாவை ஆட்டிக்கொண்டே வகுப்பெடுத்தார். "யார் யாரைத் திட்டினாங்க, காம்பு. எந்தக் கட்சி எத்தனை சீட்டு ஜெயிச்சது, காம்பு. கட்சித் தாவல் தடைச் சட்டத்துல சபாநாயகர் என்ன பண்ணலாம்? அது கீரை. கொலை, கொள்ளை, சினிமா, எல்லாம் காம்பு. புதுசா ஒரு தவளை கண்டுபிடிச்சாங்களா? ஐயோ, அது தங்கம்!"

தவளைக்கு இவ்வளவு மரியாதையா என்று வாயைப் பிளந்தேன். வேளாண்மை படித்துவிட்டு சுற்றுச்சூழல் பக்கத்தைக் கவனிக்கும் தம்பி பெருமையோடு தலையாட்டினார். அவர் திரையில் மூன்று தவளைகள், ஒரு பல்லி, ஓர் ஆர்க்கிட் வரிசையில் காத்திருந்தன.

இதழில் ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ஒரு சின்னப் பட்டை உண்டு: 'ஏன் செய்தியில்?' இரண்டே வரி. செய்தி அத்தோடு முடிந்தது! அதற்குக் கீழே முழுப் பக்கமும் பழைய சங்கதிதான். இவர்கள் மொழியில் 'ஸ்டேடிக்'. இந்த விகிதத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நடப்பு நிகழ்வு என்று பெயர் போட்டு விற்பது பாதிக்கு மேல் அரசியலமைப்பும் புவியியலும் வரலாறும்தான். செய்தி வெறும் ஆணி, சட்டையை மாட்டுவதற்கு.

கண்ணெதிரே ஒன்று மாட்டப்பட்டது. 2025 ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாடு ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது நினைவிருக்கும். டீக்கடையில் அன்று யாருக்கு வெற்றி, யாருக்கு மூக்குடைப்பு என்றுதான் பேச்சு. அக்காவின் கோப்பில் அந்தப் பேச்சின் சுவடே இல்லை. பிரிவு 200: ஆளுநருக்கு மசோதா வந்தால் என்னென்ன வழி. பிரிவு 201: குடியரசுத் தலைவருக்கு அனுப்பினால் என்ன ஆகும். பிரிவு 142: 'முழுமையான நீதி' வழங்கும் அதிகாரம். ஓரமாக ஒரு பெட்டியில் சர்க்காரியா ஆணையம், பூஞ்சி ஆணையம் ஆளுநர் பற்றிச் சொன்னவை. அழகாக முடிந்த பக்கம் என்று நினைத்தேன்.

"முடிஞ்சதா? நீங்க வேற!" என்றார். குடியரசுத் தலைவர் பிரிவு 143-ன்கீழ் விளக்கம் கேட்க, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதும் கருத்தும் செல்லாது என்று கருத்துரைத்தது. அச்சாகி, ஸ்பைரல் போட்டு, மாணவர் கைக்குப் போன பக்கத்துக்குள் மறுபடி கைவிட வேண்டியதாயிற்று. ஆனால் அக்கா முகத்தில் கவலையே இல்லை, குஷி! ஒரே விவகாரத்தில் 142, 143, 200, 201 என நாலு பிரிவும் வந்து விழுந்தால் இந்த மேசையில் அன்றைக்குத் தீபாவளி.

தவளைத் தம்பியின் கவலை வேறு ஜாதி. அவருக்கு எண்கள் எதிரி. ராம்சார் ஈரநிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரானில் உள்ள ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2-ல் கையெழுத்தான ஒப்பந்தம், அது மாறாது. இந்தியாவின் பட்டியல்? 2014-ல் 26. சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டுக்காக 2022 ஆகஸ்டில் 75. 2024 ஆகஸ்டில் 85. 2025 ஜூனில் 91. தமிழ்நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை: பல வருஷம் கோடியக்கரை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. 2022-ல் மளமளவென்று பள்ளிக்கரணை, பிச்சாவரம், கரிக்கிலி, வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று சேர்ந்து, அந்த ஆண்டுக்குள் 14 ஆகிவிட்டது. 2025 பிப்ரவரியில் 20. ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வருகிற நேரம் இருக்கிறதே, சரியாகப் பக்கம் பூட்டிய பிறகு என்று சத்தியம் செய்கிறார் தம்பி.

சரி, இவ்வளவு ஓடி ஓடித் துரத்தும் அந்த எண்ணைத் தேர்வில் கேட்கிறார்களா? இங்கேதான் எல்லோரும் கோரஸாகச் சிரித்தார்கள். 2019 முதல்நிலைத் தேர்வில் கேட்டது, ராம்சார் ஒப்பந்தப்படி நாட்டின் அனைத்து ஈரநிலங்களையும் பாதுகாப்பது இந்திய அரசுக்குக் கட்டாயமா என்று. அந்த 'அனைத்து'க்குள்தான் கண்ணி. 2022-ல் கேட்டது, எந்த ஏரி எந்த மாநிலத்தில் என்று. அதில் சாஸ்தாங்கோட்டை ஏரியைத் தமிழ்நாட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்! கொல்லத்துக்காரர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். பெயரின் ஓசையைக் கேட்டு 'நம்மூர்தான்' என்று டிக் அடித்த தமிழ்ப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கேள்விக்கு 2 மதிப்பெண், தப்பானால் மூன்றில் ஒரு பங்கு காலி.

எண்ணைக் கேட்பதில்லை என்று தெரிந்தும் எண்ணை விடமாட்டேன் என்கிறார் தம்பி. விட்டால் மாணவர்கள் விடமாட்டார்கள். "சார், பக்கம் 43-ல 89-னு இருக்கு, அந்த இன்னொரு மையத்து நோட்ஸ்ல 91" என்று வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடும். என் தனிப்பட்ட சந்தேகம், நோட்ஸின் பாதி எடை தேர்வுக்காக ஏறுவதில்லை. பக்கத்து மையத்துக்கும் அந்த வாட்ஸ்அப் படத்துக்கும் பயந்து ஏறுகிறது.

பயத்தைச் சொன்னதும் 2023 பற்றிப் பேச்சு வந்தது. குரல் தானாகத் தணிந்தது. அதுவரை நாலு கூற்றில் ஒன்று தப்பு என்று தெரிந்தால் போதும், இரண்டு விடைகளை அடித்துவிட்டு மிச்சத்தில் குதிக்கலாம். அந்த வருஷத் தாளில் கேள்விக்குக் கேள்வி, 'மேற்கண்டவற்றுள் எத்தனை சரி?' ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை. அடித்து விளையாட வழியே இல்லை. ஒவ்வொரு கூற்றும் தெரிந்தாக வேண்டும். அதன்பிறகு இங்கே வாக்கியம் எழுதும் முறையே மாறிவிட்டதாம். முன்பெல்லாம் 'இந்தத் திட்டம் விவசாயிகளுக்கு உதவுகிறது' என்று எழுதுவார்கள். இப்போது எந்த அமைச்சகம், மத்திய அரசின் முழு நிதியா, மாநிலப் பங்கு உண்டா, குத்தகை விவசாயிக்கு உண்டா, சட்டத்தின் வழி வந்ததா, நிர்வாக உத்தரவா... ஒரு திட்டம், ஐந்து சிறு வரிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேள்வி ஆகக்கூடியது. அதை எழுதுகிறவர்களும் தேர்வெழுதியவர்கள்தான், சிலர் இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள். கையெழுத்திலேயே அந்தப் பதற்றம் இருக்கிறது.

அதே 2023-ல்தான் இந்த மேசை இன்னும் கதையாகச் சொல்லும் தற்செயல். முதல்நிலைத் தேர்வு மே 28. புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டதும் அதே மே 28! அங்கே வைக்கப்பட்டது, 1947-ல் நேருவிடம் அளிக்கப்பட்ட செங்கோல், சென்னை உம்மிடி பங்காரு செட்டி கடையில் செய்தது, திருவாவடுதுறை ஆதீனத்தோடு தொடர்புடையது, அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. அதற்கு முந்தைய சில நாட்கள் டி.வி. முழுக்க அதுதான். கடைசி நேரத்தில் செங்கோலையும் சோழர் பட்டாபிஷேகத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு தேர்வறைக்குள் போனவர்கள் உண்டு. கேள்வித்தாளோ அதற்கு வெகு முன்பே அச்சாகி, முத்திரை வைத்து, பெட்டியில் படுத்திருக்கும். "கடைசி வாரத்துச் செய்தியைப் படிக்காதீங்கன்னு வருஷா வருஷம் சொல்றோம். எங்களாலயே அந்த வாரம் எழுதாம இருக்க முடியல" என்றார் அக்கா.

பதினொன்றரை மணி. இரண்டாவது சுற்றுக் காபி. லே-அவுட் அண்ணன் வரைபடத்தில் செங்கடலைச் சரிசெய்கிறார். 'செய்தியில் இடம்பெற்ற இடங்கள்' பக்கம். எந்தக் கடலில் எந்த நாடு கரை தொடுகிறது என்பது இங்கே பெரிய வியாபாரம். மூலையில், தமிழ்ப் பதிப்பைப் பார்க்கும் ஐயா யாரோடும் பேசாமல் திருத்திக்கொண்டிருக்கிறார். அவர் வேலைதான் எனக்கு ஆச்சரியம். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதல்நிலைக் கேள்வித்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருகிறது. ஆக, தமிழ்வழி மாணவர் ஒரே செய்தியை மே மாதம் வரை ஆங்கிலத்தில் படித்து, அப்புறம் தமிழில் எழுதப் பழக வேண்டும். ஐயா இரண்டு பக்கமும் ஒரே பக்க எண்ணில் வரும்படி அமைக்கிறார். ஆங்கிலப் பதிப்பில் 31-ஆம் பக்கத்தில் உள்ளது தமிழிலும் 31-ல். தமிழ் வரிகள் நீளம் ஆயிற்றே, எப்படி அடங்குகிறது? "முன்னுரையை வெட்டிடுவேன். முன்னுரைக்கு யாரும் மார்க் போடுறதில்ல" என்றார், நிமிராமல். என்ன ஒரு மனுஷன்!

சீசன் எது என்று கேட்டேன். டிசம்பர் என்றார்கள் ஒரே குரலில். அமைச்சகங்கள் வரிசைகட்டி ஆண்டு இறுதி அறிக்கை வெளியிடும் மாதம். ஒவ்வொன்றும் தன் சாதனையை முழ நீளத்துக்கு அடுக்கியிருக்கும். அதிலிருந்து பெயரடைகளை உருவிவிட்டு மிச்சத்தை எடுப்பதே வேலை. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஜனவரி கடைசியில் பொருளாதார ஆய்வறிக்கை, பிப்ரவரி 1 பட்ஜெட். அந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்து தலையணை வரும். மார்ச், ஏப்ரலில் பன்னிரண்டு மாதத்தையும் ஒரே புத்தகமாகச் சுருக்க வேண்டும். அப்போதுதான் போன ஜூனில் பரபரப்பாக எழுதிய பக்கங்களில் எத்தனை இப்போது ஒன்றுமே இல்லை என்று தெரியுமாம். அவற்றை வெட்டும்போது ஒரு தனி சந்தோஷம் என்றார் தம்பி. தவளைகள் மட்டும் தப்பிவிடும்.

எல்லாவற்றையும் விடக் கொண்டாட்டமான நாள் எது தெரியுமா? முதல்நிலைத் தேர்வு நாள் பிற்பகல். முதல் தாள் காலை பதினொன்றரைக்கு முடியும். யாராவது ஒரு மாணவர் கேள்வித்தாளைப் படம் பிடித்து அனுப்புவார். அவ்வளவுதான், சோறு மறந்துவிடும். நூறு கேள்வி, பன்னிரண்டு இதழ். 'எங்கள் நோட்ஸிலிருந்து நேரடியாக வந்தது' என்று காட்ட வேட்டை. ஒரு வரி முழுதாகப் பொருந்தினால் கூரை பறக்கும் கூச்சல். பொருந்தாவிட்டால் பொருத்துவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த விளம்பர உற்சாகம் எல்லை மீறித்தான், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்கள் சிலவற்றுக்கு அபராதம் போட்டு, 2024 நவம்பரில் பயிற்சி மைய விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு நெறிகளையும் கொண்டுவந்தது. இப்போது கொஞ்சம் அடக்கி வாசிக்கிறார்கள்.

கொஞ்சம்தான். போன தடவை நடந்ததை லே-அவுட் அண்ணன் நடித்தே காட்டினார்.

"அண்ணா, இந்த ஆறு நம்ம ஜனவரி இதழ்ல இருக்கு!"

"ஆறைப் பத்தி என்ன எழுதியிருக்கோம்?"

"ஒண்ணும் எழுதலண்ணா. பக்கத்துல இருக்கிற அணையைப் பத்தி எழுதினோம். வரைபடத்துல ஆறு ஓடுது."

"பேரு போட்டிருக்கோமா?"

"போட்டிருக்கோம்."

"அப்ப எழுதுடா!"