வாடகை வீடும் பெரிய மராமத்தும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் வாடகை வீடுகள் இத்தனை பெருகியிருக்கவில்லை. பெருகியிருந்தால், 'குடித்தனக்காரர் இருக்கும்போதே வீட்டை மராமத்துச் செய்து பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

சொந்த வீட்டைப் புதுப்பிப்பவருக்குப் பணம் ஒன்றே கவலை. வாடகைக்கு விட்ட வீட்டைப் புதுப்பிப்பவருக்கோ கவலை இரண்டு: ஒன்று பணம், மற்றொன்று, அந்த வீட்டுக்குள் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு குடும்பம். மராமத்து என்றதும் வீட்டுக்காரர் மனத்தில் செலவுக் கணக்கு எழுகிறது. குடித்தனக்காரர் மனத்தில், "நம்மை வெளியே அனுப்ப இது ஒரு நாகரிகமான வழியோ?" என்ற சந்தேகம் எழுகிறது. இரண்டும் நியாயமானவையே. ஆகவே, கல், மணல், சிமெண்டு ஆகியவற்றுக்குக் கணக்குப் போடுமுன் இரு குடும்பத்தாரும் உட்கார்ந்து பேசி எழுத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும். மராமத்துக்கு அதுவே அஸ்திவாரம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் காரணம், பிறகு காரை

சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளை எடுத்துக்கொள்வோம். இவற்றில் பலவற்றின் மேல்தளம் 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் முறையில் ஆனது. தேக்கு உத்தரங்களை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் குத்துவாக்கில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பார்கள்.

இத்தகைய தளம் ஒழுகும்போது, ஈரக்கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைப்பது தவறு. தண்ணீர் உத்தரத்தின் ஓரமாகவே ஓடி வேறொரு மூலையில் சொட்டும். கைப்பிடிச் சுவர் தளத்தைச் சந்திக்கும் இடம், மழைநீர்க் குழாயின் வாய், அரசஞ்செடி வேர்விட்ட விரிசல் ஆகிய மூன்றையும் முதலில் ஆராய வேண்டும். பிறகு உத்தரங்களைப் பார்க்க வேண்டும். உத்தரம் சுவருக்குள் புகும் முனையில்தான் ஈரமும் கறையானும் முதலில் வேலையைக் காட்டுகின்றன. கூரிய ஆணியால் அங்கே குத்திப் பாருங்கள். ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் வர்ணம் பூசும் யோசனையை மறந்துவிட்டு முட்டுக் கொடுக்க ஆள் தேடுவது நலம்.

தளத்தில் நீரைத் தேக்கி ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் வழக்கம் உண்டு. கான்கிரீட் தளத்துக்கு அது தகும். பழைய மரத் தளத்துக்கு அது ஆபத்து. பத்து சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம் ஏறுகிறது. நொந்திருக்கும் உத்தரம் அதைத் தாங்கும் என்று எவர் உறுதி கூற முடியும்?

சுண்ணாம்புச் சுவர் பொரிந்தால் அதன்மேல் சிமெண்டுப் பூச்சு இழைத்துவிடுவதும் பலரது வழக்கம். முதல் வருஷம் சுவர் பளபளக்கும். ஆனால் சுண்ணாம்பு வழியே வெளியேறி வந்த ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் சிறைப்படும். இரண்டொரு மழைக்குப் பிறகு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே உற்றது. ஈரத்தின் காரணத்தை நிறுத்தாமல் பூசும் எந்தப் பூச்சும் வீண் செலவே.

வேலையின் வரிசையும் இதிலிருந்தே பிறக்கிறது. மேல்தளம் முதலில், சுவர் விரிசல் அடுத்தது, அதன்பின் குழாயும் மின்கம்பியும், பிறகு பூச்சு, தரை, கதவு, கடைசியில் வர்ணம். இந்த வரிசையை மாற்றினால் புதிய தரையை உடைத்துக் குழாய் பதிக்கும் வேடிக்கையைக் காண நேரும்.

எப்பொழுது தொடங்குவது?

சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகையால் புரட்டாசிக்குள் மேல்தளம் மூடியிருக்க வேண்டும். கோடையில் வானம் தெளிவாயிருக்கும். ஆனால் புதுப் பூச்சை நனைத்து ஆற்றுவதற்குத் தண்ணீர் வேண்டுமே! 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் அநேகமாக வறண்டே போயின. சிமெண்டுப் பூச்சை ஏழு நாளாவது நனைக்க வேண்டும். சுண்ணாம்போ மேலும் நிதானமாகக் காய வேண்டும். எனவே மழை ஓய்ந்து கிணற்றில் நீர் இருக்கும் தை, மாசி மாதங்களே மேல்தள வேலைக்கு உகந்தவை. வீட்டைக் காலி செய்ய வேண்டிய உள்வேலைகளைப் பள்ளிக்கூட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆடியிலும் மார்கழியிலும் குடிபெயர நம்மவர் பலர் இசையமாட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

செலவும் வரவும்

உத்தேசச் செலவு ஆறு லட்சம், மாத வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அச்செலவு 40 மாத வாடகைக்குச் சமம். மராமத்துக்குப் பிறகு வாடகையில் 3,000 ரூபாய் உயர்த்தினால், போட்ட முதல் திரும்ப 200 மாதங்கள், அதாவது பதினாறு வருஷம் எட்டு மாதம் ஆகும். எனவே வாடகை உயர்வை மட்டும் நம்பி மராமத்தில் இறங்குவது புத்திசாலித்தனமல்ல. செய்யாமல் விட்டால் வீடே போய்விடும் என்பதுதான் உண்மையான கணக்கு. சமையலறை அலங்காரத்தைக் குறைக்கலாம்; உத்தரத்தில் சிக்கனம் கூடாது. பழைய சுவரைத் திறந்தால் எதிர்பாராதது எதுவும் வெளிப்படலாம். ஆதலால் மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பது அவசியம்.

மேஸ்திரிக்குப் பணத்தை வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகத் தருவதும், பத்தில் ஒரு பங்கை முதல் மழை பெய்து தளம் சோதிக்கப்படும் வரையில் நிறுத்தி வைப்பதும் உத்தமம். இதை முன்னாலேயே எழுதிவிட்டால் மனஸ்தாபத்துக்கு இடமில்லை.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பழுது பார்ப்பதற்காகக் குடித்தனக்காரரை வெளியேற்றும் வீட்டுக்காரர், வேலை முடிந்ததும் அவருக்கே வீட்டைத் திரும்பத் தருவதாக வாக்களிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, காலி செய்தாலன்றி நடவாத வேலைக்காக வெளியேற்றக் கோரலாம். திரும்பக் குடிவருவதோ இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எனவே "வேலை முடிந்ததும் வந்துவிடுங்கள்" என்ற வாய்ச்சொல்லை நம்பிச் சாமான்களை வண்டியில் ஏற்றுவது விவேகமல்ல.

ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறாதவரை, கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், தேவையானபோது குழாயையும் மின்கம்பியையும் மாற்றுதல் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறைக் காரியங்கள் குடித்தனக்காரரைச் சேர்ந்தவை. பழுது பார்த்ததற்காக வாடகையை உயர்த்துவதற்கில்லை. புதிய வசதி செய்து கொடுப்பதானால், வேலைக்கு முன்பே எழுத்தில் உடன்பட்டிருந்தால், அந்த அளவுக்கு உயர்த்தலாம். உள்ளே வந்து பார்ப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி நெருக்குவதற்குச் சட்டம் இடம் தரவில்லை.

ஒரு வீட்டில் நடந்தது

நமது தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மாளுக்கு வீட்டு வாடகையே ஜீவனம். மாடித் தளத்தில் இரண்டு உத்தரங்கள் உளுத்துவிட்டன. குடியிருந்தவர் ஒரு குமாஸ்தா. அவர் பெண்ணுக்கு அவ்வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

"மாமி, பரீட்சை முடியட்டுமே, பிறகு நீங்கள் எதை வேண்டுமானாலும் இடியுங்கள்" என்றார் அவர்.

"வீட்டுக்குள் பரீட்சை முடிகிற வரையில் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டேன். ஆனால் உத்தரம் பரீட்சைக்குக் காத்திராதே, ஐயா! மாடியை இப்போதே பிரித்தாக வேண்டும்" என்றார் அம்மாள்.

இரண்டு மணி நேரப் பேச்சில் ஒரு வழி பிறந்தது. குழந்தைகள் பள்ளியில் இருக்கும் வேளையில் மட்டும் உளிச்சத்தம். தளம் திறக்கப்படும் அறையை முற்றிலும் காலி செய்து முட்டுக் கொடுப்பது. உள்வேலை நடக்கும் ஐந்து வாரமும் குடும்பம் பின்கட்டுக்கு மாறிப் பாதி வாடகை தருவது. முடிந்ததும் அதே வீடு, அதே குடித்தனம். ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டனர்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. ஒரு மூலையில் நாலு சொட்டு விழுந்தது. அம்மாளிடம் கடைசித் தவணை பாக்கி இருந்தபடியால், மேஸ்திரி மறுநாளே கூப்பிடாமலே வந்து சரி செய்தார். அப்பெண் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அக்குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வாடகை வீடு வீட்டுக்காரருக்குச் சொத்து. குடித்தனக்காரருக்கு அது குழந்தைகள் வளரும் இடம். இரண்டையும் ஒரே கூரைதான் காக்கிறது. அக்கூரையைப் பிரிக்குமுன் இருவரும் ஒருதரம் கூடி உட்கார்ந்து ஒரு தாளை நிரப்பிக்கொண்டால், மேஸ்திரியை அழைத்துவர எந்த நல்ல நாளும் தகும்.