சுவரும் செபமும்

ஒரு மனிதனுடைய மதப்பற்று எத்தகையது என்பதை, ஆலயத்தில் அவன் முழந்தாளிட்டிருக்கும் நேரத்தைக் கொண்டு அளந்துவிட முடியாது. ஆலயத்தை விட்டு வெளியே வந்தபின் அவன் யாரோடு சமமாக உட்காருகிறான், யார் வீட்டில் உண்கிறான், யாருடைய துன்பத்தைத் தன் துன்பமாகக் கொள்கிறான் என்பவற்றைக் கொண்டே அளக்க வேண்டும். இது எல்லா மதத்தினருக்கும் பொதுவான விதி. கிறிஸ்தவ மார்க்கத்தில் இவ்விதி எவ்வாறு செயற்பட்டது என்பதை ஆராய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் மிஷன் வீதியில் நிற்கும் சம்பாக் கோவிலே அதற்குப் போதிய சாட்சியாகும்.

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களின் அன்றாட அநுஷ்டானங்கள் நன்கு வகுக்கப்பட்டவை. காலை, நண்பகல், மாலை என்று மணியோசை கேட்டுச் சொல்லும் திரிகால செபம், இரவில் குடும்பத்தார் ஒன்றுகூடிச் சொல்லும் செபமாலை, படுக்கைக்குச் செல்லுமுன் அன்றைய நடத்தையைத் தானே விசாரித்துக்கொள்ளும் ஆத்தும சோதனை, தவக்காலத்தில் ஒருசந்தி, பாவசங்கீர்த்தனம், தருமம். அலைபாயும் மனத்தைக் கட்டி நிறுத்த இவை மிகவும் உதவுவன. இவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் ஏர் பூட்டுவது உழுவதற்கே. ஏரைப் பூட்டி வரப்பிலே நிறுத்திவிட்டு, தினந்தோறும் ஏர் பூட்டுகிறேன் என்று பெருமை பேசுபவனுக்கு விளைச்சல் எங்கிருந்து வரும்? காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன் சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சமாதானமாகி வரவேண்டும் என்றே இயேசுபிரான் போதித்தார். சகோதரன் முதல், காணிக்கை பின் என்பது அவர் வகுத்த வரிசை.

அந்த வரிசை தலைகீழாகிக் கிடந்ததையும், ஒரு நாள் அது நேராக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளையவர்கள் கிறிஸ்தவரல்லர், ஆகவே அவர் ஒரு பக்கம் சாய்ந்து எழுதினார் என்பதற்கு இடமில்லை. சேசு சபையார் புனித பவுலின் பெயரால் எழுப்பிய ஆலயம் அது. ‘சான் பவுல்’ என்ற அப்பெயரே ஜனங்களின் வாயில் ‘சம்பா’ என்று திரிந்தது. இன்று நாம் காணும் கட்டடம் 1791-ம் வருஷத்தில் முடிவுற்றது. நாம் சொல்லும் சம்பவம் அதற்கு முன்பிருந்த ஆலயத்தில் 1745-ம் வருஷம் அக்டோபர் மாதம் நிகழ்ந்தது.

அவ்வாலயத்தின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு புறம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள்; மறுபுறம் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் தூண்ட, சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள் திரண்டுபோய்ப் பெரிய குருவிடம் முறையிட்டார்கள். தாங்களும் அவருடைய சீடர்களே என்பது உண்மையானால் இந்தப் பேதம் ஏன், கடவுள் வைக்காத பேதத்தைக் குருவானவர் எப்படி ஒப்புக்கொண்டார் என்று கேட்டார்கள். அவரால் மறுமொழி சொல்ல முடியவில்லை. சுவரை இடிக்கும்படி உத்தரவிட்டார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பெரும் சச்சரவு விளைந்தது.

இதில் நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சுவர் நின்ற காலமெல்லாம் அதன் இரு புறத்திலும் செபம் நடந்தது, பூசை நடந்தது, நோன்பு இருந்தார்கள். இரவுதோறும் ஆத்தும சோதனை செய்தவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். அவர்களுடைய கணக்கில் கோபம் வந்திருக்கும், பொய் வந்திருக்கும், ஒருசந்தியை மறந்த பிழையும் வந்திருக்கும். சுவர் மட்டும் வந்திராது. ஏனெனில் அது பாவமாக அவர்கள் கண்ணில் படவில்லை. ஆலயத்தின் தூணைப்போல அதுவும் கட்டடத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. மறுபுறம் நின்றவன் வாய்திறந்து கேட்ட பிறகே அது சுவர் என்று தெரிந்தது. தன் மனத்தைத் தானே சோதிப்பது மட்டும் போதாது, நம்மால் வருந்துகிறவன் சொல்வதையும் அந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

மற்றொரு படிப்பினையும் உண்டு. ஒரு நாள் செய்த நற்செயல் ஆயுள் முழுவதற்கும் காணாது. மூன்றே வருஷங்களில், 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், சம்பாக் கோவிலுக்கு அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. கவர்னர் துய்ப்ளேக்சின் ஆட்சியில், சேசு சபைப் பாதிரிமார் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்த காரியம் அது. தன் சகோதரனைப் பிரித்த சுவரை இடித்த மார்க்கம், அயலானுடைய கோயிலையும் இடிக்கத் துணை நின்றது. பிறனை நேசி என்ற கட்டளை அன்று எங்கே போயிற்று? அன்பைத் தினந்தோறும் பழகாவிட்டால் அதிகாரம் வந்து அவ்விடத்தில் அமர்ந்துகொள்ளும்.

அன்றாடப் பழக்கத்தின் வலிமை நூறு வருஷங்களுக்குப் பின் வேறொரு முயற்சியில் வெளிப்பட்டது. பிரான்சிலிருந்து 1832-ல் புதுச்சேரிக்கு வந்த லூயி சவினியன் துப்புயி அடிகள் தமிழ் கற்று, மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தி, மூசே அடிகளோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியும் இயற்றியவர். 1844-ல் புதுச்சேரியில் கூடிய குருமார் சங்கம் கல்வியைப் பரப்ப உறுதிகொண்டது. அவ்வாண்டிலேயே அவர் மரியாயின் மாசற்ற இருதயத்தின் பெயரால் ஒரு கன்னியர் சபையை நிறுவினார். சாதி பேதமின்றிப் பெண்களுக்குக் கல்வி புகட்டுவதே அதன் பணி. குடும்பப் பெண்கள் எழுத்தறிவது தகாது, அது தேவதாசிகளுக்கு உரியது என்று ஊரார் எண்ணியிருந்த காலம் அது. சுவரை இடிக்க ஒரு நாள் ஆவேசம் போதும். பள்ளிக்கூடம் நடத்துவதற்கோ நாள்தோறும் வைகறையில் எழ வேண்டும். நிந்தையைப் பொறுக்க வேண்டும். பல குலத்துச் சிறுமிகளுக்கும் ஒரே அரிச்சுவடியைச் சலிப்பின்றிச் சொல்லித்தர வேண்டும். இதுவே மெய்யான தவம். அச்சபை இன்றும் பள்ளிகளை நடத்தி வருகிறது.

ஆயினும் சுவர் முற்றும் வீழ்ந்துவிட்டதென்று மகிழ இயலவில்லை. புதுச்சேரி–கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், ஆலயத்தில் தங்களுக்குச் சமமரியாதை இல்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் முறையிட்டதன் தொடர்ச்சியாக, 2008 மார்ச்சு மாதம் கலகம் மூண்டது. போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்ட ஜனங்களிடையே நேர்ந்த விபரீதம் இது. திருச்சபைக்குள் சாதிக் கொடுமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்வது பாவசங்கீர்த்தனத்தின் முதற்படி. பரிகாரம் செய்வது அதன் முடிவு. முதற்படியிலேயே நின்றுவிடலாகாது.

இதைப் படித்து மற்ற மதத்தினர் நகைக்கவும் இடமில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வாசல் ஹரிஜனங்களுக்கு 1939 ஜூலையில்தானே திறந்தது? எல்லார் வீட்டிலும் சுவர் இருக்கிறது.

ஆகவே கிறிஸ்தவ சகோதரர்களுக்கு நாம் சொல்லக்கூடியது எளியது. செபமாலையைக் கைவிட வேண்டாம். ஒருசந்தியைக் குறைக்க வேண்டாம். இரவு ஆத்தும சோதனையில் ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்று நான் யாரைச் சுவருக்கு அப்பால் நிறுத்தினேன்? மறுநாள் காலையில் அவனிடம் போங்கள். ஆலயத்தில் அவன் பக்கத்தில் அமருங்கள்; அவன் வீட்டு விருந்தில் உண்ணுங்கள்; அவன் வீட்டுச் சவ ஊர்வலம் உங்கள் தெரு வழியே செல்லட்டும், நீங்களும் தோள் கொடுங்கள். அதன்பின் பீடத்தின் முன்னே காத்திருக்கும் காணிக்கையை எடுத்துச் செலுத்துங்கள்.