மூன்றாவது பின் எதற்கு?



"என்னங்க, கிரைண்டரைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குது."

"லேசாத்தானே அடிக்குது? செருப்பைப் போட்டுக்கிட்டு ஆட்டு."

உங்கள் வீட்டிலும் இப்படிப் பேசியிருப்பீர்கள். அந்தச் சுருக்கு ஓர் எச்சரிக்கை. இன்று லேசாக அடிப்பது, நாளை ஈரக் கையோடு தொட்டால் உயிரையே வாங்கிவிடும். தவழும் குழந்தைக்குச் செருப்பு ஏது?

எர்த் என்றால் என்ன?

கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, பிரிட்ஜ் இவற்றின் உள்ளே ஒயரின் உறை தேய்ந்தால், மின்சாரம் வெளி இரும்பில் இறங்கிவிடும். தொடுபவர் உடம்பு வழியாக அது மண்ணுக்குப் போகப் பார்க்கும். அதற்கு வேறு சுலபமான வழி காட்டுவதே பச்சை நிற எர்த் கம்பி. பிளக்கில் நீளமாக, பருமனாக இருக்கும் பின் அதற்குரியது. செருகும்போது அதுதான் முதலில் சேரும். பிடுங்கும்போது கடைசியில் பிரியும்.

எர்த் குழி இருந்தால் போதுமா?

குழி காயக் கூடாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எர்த்தின் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் பாயும். பியூஸ் உடனே போய்விடும். மண் காய்ந்து தடை 50 ஓம் ஆனால், 5 ஆம்பியர்கூடப் பாயாது. பியூஸ் போகாது, இரும்பில் மின்சாரம் அப்படியே நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. மூன்றாவது பின்னை உடைக்காதீர்கள். பிளக் இல்லாமல் வெறும் ஒயரைக் குச்சி வைத்துச் செருகாதீர்கள்.

2. சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி, 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் குழி அமையுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. எர்த்தையும் நியூட்ரலையும் பிளக் பாயிண்டில் சேர்த்து முடியாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் இரும்பு முழுவதும் மின்சாரம் ஏறும்.

4. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி கட்டாதீர்கள்.

5. துணி காயப்போடும் கொடிக் கம்பியை மின்கம்பத்திலோ, ஸ்டே கம்பியிலோ கட்டாதீர்கள்.

6. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். அவ்வளவு சிறிய கசிவுக்கே, நொடிப்பொழுதில் மின்சாரத்தை நிறுத்திவிடும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

இந்த வேலைகளை உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே செய்யுங்கள்.

சுருக்கென்றால் சுவிட்சை அணையுங்கள். சரிசெய்யும்வரை அந்தச் சாமானைத் தொடாதீர்கள். மாவு ஒரு நாள் காத்திருக்கட்டும். குடும்பம் நூறாண்டு வாழட்டும்!