பேரூராட்சி மன்றம்: முடிவுகள் எடுக்கப்படும் முறை

பேரூராட்சி என்பது தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ள உள்ளாட்சி அமைப்பாகும். வயலும் தோப்பும் ஒருபுறம், கடைத்தெருவும் பேருந்து நிலையமும் மறுபுறம் என்று பாதி கிராமமாகவும் பாதி நகரமாகவும் இருக்கும் ஊர்களே பெரும்பாலும் பேரூராட்சிகளாக உள்ளன. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மாநிலத்தில் 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் 490 பேரூராட்சிகளும் இருந்தன. எண்ணிக்கையில் மிகுந்தவை பேரூராட்சிகளே. ஆனால் பாடநூல்களில் இவற்றுக்குக் கிடைப்பது ஓரிரு வரிகள்தாம்.

ஒரு தெருவுக்கு வடிகால் கட்டுவது, சந்தையில் தரைக்கடைக்கு எவ்வளவு வசூலிப்பது, வீட்டு வரியை உயர்த்துவது போன்றவற்றை அங்கே யார், எந்த வழியில் முடிவு செய்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வரலாறு

ஊர்ச்சபை என்றதும் நம்மவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்வார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் 30 குடும்புகள், குடவோலை முறை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் உறுப்பினராக முடியாது என்ற விதி இன்றும் வியக்கத்தக்கது. எனினும் அது நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்கள் மட்டுமே அமர்ந்த பிராமணர் சபை. அதை இன்றைய மக்களாட்சியோடு அப்படியே சமப்படுத்துவது பொருந்தாது. அதே உத்திரமேரூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியாக இருக்கிறது.

தற்கால அமைப்பின் வேர் 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் உள்ளது. 1981இல் பேரூராட்சிகளுக்கெனத் தனி இயக்ககம் ஏற்பட்டது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊரக நிலையிலிருந்து நகர நிலைக்கு மாறிவரும் பகுதிகளுக்கு ஓர் உள்ளாட்சி அமைப்பு இருக்க வேண்டும் என்றது. அதன்பின்னும் குழப்பம் தீரவில்லை. 2004இல் 30,000க்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன. இச்சட்டம் 1998இலேயே இயற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆண்டு வருவாயைக் கொண்டு பேரூராட்சிகள் இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என வகைப்படுத்தப்படுகின்றன.

மன்றத்தில் இருப்பவர்கள்

வார்டுக்கு ஒருவராக மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களைக் கொண்டது மன்றம். பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையோ ஆட்சிக்கு ஆட்சி மாறி வந்திருக்கிறது. 2006இல் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். 2011இல் மக்கள் நேரடியாக வாக்களித்தனர். 2022இல் மறுபடியும் உறுப்பினர்களிடம் வந்தது. இது சிறிய வேறுபாடு அன்று. மக்களால் நேரடியாகத் தேர்வான தலைவர், மன்றத்தில் தமக்குப் பெரும்பான்மை இல்லாமலே ஐந்தாண்டுகள் போராட நேரிடலாம். உறுப்பினர்களால் தேர்வானவர் அவர்களை அனுசரித்தே போக வேண்டும்.

மகளிருக்கான இட ஒதுக்கீடு 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் 50 விழுக்காடாக உயர்ந்தது. 2025இல் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்கவும் சட்டம் திருத்தப்பட்டது.

நிர்வாகத்தை நடத்துபவர் அரசு நியமிக்கும் செயல் அலுவலர். மன்றம் தீர்மானிக்கிறது, செயல் அலுவலர் நிறைவேற்றுகிறார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நடைமுறை அவ்வளவு எளிதன்று. மன்றத்தின் முன் எது வர வேண்டும் என்பதற்கான குறிப்பை எழுதுவதே அலுவலகம்தான். எழுதப்படும் விதத்திலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

ஒரு கூட்டம்

மன்றம் பொதுவாக மாதம் ஒருமுறை கூடுகிறது. சில நாள்களுக்கு முன்பே ஒவ்வோர் உறுப்பினருக்கும் அஜெண்டா எனப்படும் கூட்டப்பொருள் பட்டியல் அனுப்பப்படும். அதில் ‘பொருள் எண் 1, 2, 3’ என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பொருளின் கீழும் அலுவலகக் குறிப்பு, செலவுத் தொகை, எந்த நிதியிலிருந்து செலவிடப்படும் என்ற விவரம், இறுதியில் ‘மன்றத்தின் முடிவுக்கு’ என்ற தொடர் ஆகியவை காணப்படும். கூட்டத்தில் பொருள் படிக்கப்பட்டு, விவாதம் நடந்து, ‘அனுமதிக்கப்பட்டது’ அல்லது ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைவரின் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும்.

கூர்ந்து படிக்க வேண்டிய பொருள்கள் இரண்டு வகை. ஒன்று, மாதாந்திர வரவு செலவு. மற்றொன்று, அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதியுடன் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு மன்றத்தின் ஒப்புதல் கேட்கும் பொருள். குடிநீர் மோட்டார் பழுதானால் கூட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் ஒரே மோட்டார் ஆண்டுக்குப் பலமுறை பழுதாகிறதென்றால் உறுப்பினர் கேள்வி கேட்க வேண்டிய இடம் இதுதான். பல ஊர்களில் தெருப் பெயர் குறித்து ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். செலவுப் பட்டியல் ஒரு நிமிடத்தில் நிறைவேறிவிடும்.

மன்றம் எதை வேண்டுமானாலும் தீர்மானிக்க முடியாது. சட்டத்துக்கு முரணான தீர்மானத்தை அரசு நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

ஒரு வடிகாலின் பாதை

ஒரு தெருவில் மழைநீர் தேங்குகிறது, வடிகால் வேண்டும் என்று வார்டு உறுப்பினர் கோருவதாக வைத்துக்கொள்வோம். பொறியாளர் இடத்தை அளந்து மதிப்பீடு தயாரிப்பார். நிதி எங்கிருந்து என்பது அடுத்த கேள்வி. பேரூராட்சியின் பொது நிதி, மத்திய நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்ற மாநிலத் திட்டங்கள், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி எனப் பல வழிகள் உண்டு. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் தங்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும்.

நிதி உறுதியானபின் நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் பெறப்பட்டு ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் விதிகளும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. குறைந்த தொகை கேட்டவரின் புள்ளி மன்றத்தின் முன் வைக்கப்படும். ஒப்புதலுக்குப் பின் பணி உத்தரவு. வேலை நடக்கும்போது நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளவுப் புத்தகத்தில் பதியப்படும். ‘எம் புக்’ என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். அதில் பதிந்த அளவுக்கே பணம் பட்டுவாடா ஆகும். பின்னர் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை கணக்கைச் சரிபார்க்கும்.

இத்தனை படிகளையும் தாண்டிக் கட்டிய வடிகால், தண்ணீர் போய்ச் சேர வேண்டிய பெரிய வாய்க்காலைவிடத் தாழ்வாக அமைந்துவிட்டால் என்ன பயன்? காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். தெருவில் தண்ணீர் நிற்கும். சாலைகளிலும் இதே கதைதான். பழைய சாலையின் மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டு, வீடுகள் பள்ளத்தில் இறங்கிப்போயின. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்த வேண்டியதாயிற்று. மதிப்பீட்டில் ‘சுரண்டுதல்’ என்ற இனம் இருக்கிறதா என்று அஜெண்டா வரும்போதே பார்த்துவிட்டால், வீட்டுக்குள் தண்ணீர் வந்தபின் மறியல் செய்ய வேண்டியிராது.

துணைவிதிகளும் சந்தையும்

சட்டமன்றம் இயற்றுவது சட்டம். அதன்கீழ் அரசு வகுப்பவை விதிகள். இவ்விரண்டுக்கும் உட்பட்டு உள்ளாட்சி மன்றம் தன் எல்லைக்குள் ஏற்படுத்துபவை துணைவிதிகள். எடுத்துக்காட்டாக, 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உள்ளாட்சிகள் தமக்கெனத் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்றன. மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்துத் தராதவருக்கு அபராதம், வீடுதோறும் சேகரிப்பதற்குக் கட்டணம் ஆகியவை அவ்வழியில் வந்தவை. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை மாநில அரசின் ஆணை. பேரூராட்சி அதைச் செயல்படுத்தும் அமைப்பு மட்டுமே.

ஏழை எளியோரை நேரடியாகத் தொடும் முடிவு சந்தை பற்றியது. வாரச்சந்தை, பேருந்து நிலையக் கடைகள், கட்டணக் கழிப்பிடம் ஆகியவற்றில் வசூலிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு ஏலம் விடப்படுகிறது. எவ்வளவு வசூலிக்கலாம் என்ற வீதத்தை மன்றம் நிர்ணயிக்கிறது. ஏலத்தில் போட்டியாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேசிக்கொண்டால் பேரூராட்சிக்கு வருவாய் குறையும். போட்டி முற்றி மிக அதிகத் தொகைக்கு எடுத்தவரோ, போட்ட பணத்தை எடுக்க ஒரு கூடைக் கீரைக்குக்கூட இரட்டிப்பாகக் கேட்பார். இரண்டிலும் அடிபடுவது கூடை சுமந்து வரும் பெண்தான். கட்டண விவரப் பலகை சந்தை வாயிலில் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சாதாரண விஷயமாக நான் கருதுவதில்லை.

தெருவோரக் கடைகளை அகற்றுவதாக மன்றம் தீர்மானித்தாலும் உடனே அகற்றிவிட இயலாது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று வழங்க வேண்டும். அது முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. இதற்கான நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெருவோர வியாபாரிகளாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும்.

வரி உயர்வு: 2022இல் நடந்தது

மன்றத்தின் அதிகாரம் எதுவரை என்பதற்கு 2022ஆம் ஆண்டின் சொத்து வரி உயர்வு நல்ல சான்று. புதிய மன்றங்கள் பொறுப்பேற்ற ஒரு மாதத்துக்குள் அரசு அறிவிப்பு வந்தது. பேரூராட்சிகளில் 600 சதுர அடிவரை உள்ள வீடுகளுக்கு 25, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு உயர்வு. சொத்து வரியைச் சீரமைத்தால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியம் கிடைக்கும் என்ற 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி, பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்டு, மறுபடி இறுதித் தீர்மானம் போட்டன.

சட்டப்படி வரி விதித்தது மன்றம். வீதத்தை வகுத்தது மாநிலம். நிபந்தனை பிறந்தது தில்லியில். வாக்குக் கேட்டு வீடு வீடாக வந்த உறுப்பினரே அடுத்த மாதம் அதற்குக் கையுயர்த்த வேண்டியிருந்தது. மறுத்திருந்தால் ஊருக்கு வர வேண்டிய மானியம் போயிருக்கும். பல்லாண்டுகள் வரியை உயர்த்தாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் உயர்த்தியதுதான் சுமையைக் கூட்டியது என்பது என் கருத்து. அரையாண்டு தொடங்கிய 30 நாள்களுக்குள் வரியைக் கட்டுவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. தொழில் வரிக்கோ அரசியலமைப்பே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டிவிட்டது. அதை எந்த மன்றமும் மீற முடியாது.

கைக்கு எட்டாதவை

அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கு உரியனவாக 18 பொருள்கள் உள்ளன. மாணவர்கள் பதினெட்டையும் மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். ஆனால் எவற்றை ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது. தீயணைப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டிலோ அது மாநில அரசின் துறை. ஊரின் நடுவே செல்லும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்குரியது. தெருவிளக்கு பேரூராட்சியுடையது, அதற்கு வரும் மின்சாரம் மின்வாரியத்துடையது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை அமைப்பது குடிநீர் வடிகால் வாரியம், தெருக்குழாயில் தண்ணீர் விடுவது பேரூராட்சி. எந்தக் குறைக்கு எந்த அலுவலகம் என்று தெரியாமல் மனுவோடு அலைபவர்கள் இதனால்தான் மிகுதி.

சிறிய ஊர்கள் சேர்ந்து செயல்பட்டால் எல்லை விரியும். பாதாளச் சாக்கடை இல்லாத பேரூராட்சிகளில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து லாரி உறிஞ்சும் கசடு எங்கே கொட்டப்படுகிறது என்பது பெரிய சிக்கல். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் அமைந்த கசடு சுத்திகரிப்பு நிலையம் பக்கத்து மதுராந்தகம் நகரத்துக்கும் பயன்படுகிறது. கோவை அருகே பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் இத்தகைய முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. வழக்குகளாலும் வார்டு மறுவரையறையாலும் தேர்தல் தள்ளிப்போய் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே தீர்மானம் எழுதி, தாமே நிறைவேற்றினர். குப்பை அள்ளப்பட்டது, குடிநீர் வந்தது, சாலையும் போடப்பட்டது. எந்தத் தெருவுக்கு முதலில் என்று எதிர்த்துக் கேட்க அவையில் ஆள் இல்லை.

மக்கள் அறிந்துகொள்ளும் வழி

2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கப்பட்டன. கிராம சபை போல, அப்பகுதி வாக்காளர்கள் தங்கள் தேவைகளை அங்கே நேரில் சொல்லலாம். வரி தவறாக விதிக்கப்பட்டதாகக் கருதினால் மேல்முறையீடு செய்யலாம். மன்றத் தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்டுப் பெறலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ‘சாலை போட்ட விவரம் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும். தெருவின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு, தீர்மானம், மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள் ஆகிய நான்கின் நகல்களையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.