டீ முடியற வரைக்கும்...

பி.காம். படித்தவனுக்குத் தவக்காலம்கூடக் கணக்காகத்தான் தெரியும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை 46 நாள். ஞாயிறு 6 போனால் 40. ஞாயிறு சேராது என்பதை, வருமான வரியில் கழிவு தேடுகிற மாதிரி, முதலில் தெரிந்து வைத்துக்கொண்டவன் நான்!

போன வருஷம், நெற்றியில் சாம்பல் வாங்கிய கையோடு அம்மாவிடம் சொன்னேன்: "நாப்பது நாளும் சிகரெட் கிடையாது. அந்தக் காசு கோயில் உண்டியலுக்கு." அம்மா உடனே ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி வைத்தாள்.

பத்து நாள் பிரமாதம். பதினோராம் நாள், நான் பகுதி நேரமாகக் கணக்கெழுதப் போகும் ஆபீஸில் பாங்க் கணக்கு உதைத்தது. மானேஜர் எல்லோர் முன்னாலும் டோஸ் விட்டார். நேரே டீக்கடை. நண்பர் பாக்கெட்டை நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு சார், டென்ஷன் போயிடும்!"

டென்ஷன் போனது. விரதமும் போனது. 'அதான் போயிடுச்சே' என்று அன்றைக்கே நாலு!

அதைவிடப் பெரிய தப்பு ராத்திரி நடந்தது. "விரதம் ஒழுங்கா நடக்குதாப்பா?" என்றாள் அம்மா. "நடக்குதும்மா" என்றேன். பாட்டிலில் காசும் போட்டேன். ஈஸ்டர் வரை தினமும் பொய்க் கணக்கு.

இந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப் பாதை. மொத்தம் 14 நிலைகள். 3, 7, 9 ஆகிய மூன்று நிலைகளிலும் இயேசு கீழே விழுகிறார். சின்ன வயசிலிருந்து முழங்கால் போட்ட இடங்கள்தான். அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்று தடவை விழுந்தவர் எழுந்து நடந்தார். நானோ ஒரே தடவை விழுந்து, கணக்குப் புத்தகத்தையே மூடிவிட்டேன்!

அதிலிருந்து ஜெபத்தை மாற்றினேன். முன்பெல்லாம் நாற்பது நாளுக்கும் சேர்த்து மொத்த வியாபாரம். இப்போது சில்லறை. டீக்கடையில் பாக்கெட் நீளும்போது, "ஆண்டவரே, இந்த டீ முடியற வரைக்கும் காப்பாத்தும்!" அவ்வளவுதான். கண்ணை மூடுவதில்லை. டீயை ஊதுகிற மாதிரி உதடு அசையும். டீ முடிவதற்குள் ஆசை கொஞ்சம் அடங்கும். அடங்காவிட்டால் இன்னொரு டீ. (டீக்கடைப் பாக்கி ஏறியது தனிக் கதை.)

அப்படியும் ஒருநாள் சறுக்கினேன். ஆனால் மறுநாள் காலையில் மறுபடி ஆரம்பித்தேன். பாட்டிலில் பொய்க் காசு போடவில்லை. அம்மாவிடம் போன வருஷக் கதையையும் சேர்த்துக் கொட்டினேன்.

அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அது அப்பவே தெரியும்டா. உன் சட்டையைத் துவைக்கிறது யாரு?"

"அப்ப ஏம்மா கேக்கலை?"

"நீயா வந்து சொல்லணும்னு தினம் ராத்திரி செபமாலை சொன்னேன். நான் வேற என்ன கேக்கிறது?"

40-க்கு 39. அதில் என் ஜெபம் ஒரு பக்கம்தான். டபுள் என்ட்ரி என்றால் என்னவென்று பி.காம்.மில்கூட எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை, சார்!